கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுவது கருவைக் கொல்வதா?

வாசகி ஒருவரின் கடிதம்:

"எனக்கு வயது 31. இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்கு நான்கு வயது, சின்னவனுக்கு ஐந்து மாதம். இரண்டுமே சிசேரியன். இரண்டாவது கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் எகிறி, 32 வாரத்திலேயே குழந்தையை எடுத்துவிட்டார்கள். அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது இரண்டு வருடம் இடைவெளி விடச் சொல்லி, டாக்டர் டெசோஜெஸ்ட்ரல் மாத்திரை எழுதிக் கொடுத்தார். கணவரும் சரி என்றார். இரண்டு மாதத்துக்கு முன்பு சபையில் ஒரு சகோதரி, 'இந்த மாத்திரை உருவான கருவைக் கர்ப்பப்பையில் ஒட்டவிடாமல் கொன்றுவிடும்' என்று சொன்னார். அதிலிருந்து கணவர், 'நிறுத்திவிடு, கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்கிறார். நிறுத்திவிட்டேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு, மாத்திரை அட்டையைக் குழந்தையின் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறேன். சில ராத்திரி குற்ற உணர்வு தாங்காமல் போடாமலே படுத்துவிடுகிறேன். நான் பிறந்தது கத்தோலிக்கக் குடும்பம். கல்யாணத்துக்குப் பிறகு ஆவிக்குரிய சபைக்குப் போகிறேன். அம்மாவும் இது பாவம் என்றுதான் சொல்கிறார். திருவிருந்தில் பங்கெடுக்க மனசு வரவில்லை. நான் என் பிள்ளையைக் கொன்றிருக்கிறேனா?"

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. நீங்கள் உங்கள் பிள்ளையைக் கொன்றுவிட்டதாக நினைக்க மருத்துவத்தில் எந்த ஆதாரமும் இல்லை. நான் மகப்பேறு மருத்துவர், கிறிஸ்தவளும்கூட. கருவுற்ற நேரத்திலிருந்தே அது மனித உயிர் என்று நம்புகிறவள். அந்த நம்பிக்கையைக் கொஞ்சமும் தளர்த்தாமல்தான் இதைச் சொல்கிறேன்.

டெசோஜெஸ்ட்ரல் உடம்புக்குள் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு மாதமும் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து ஒரு ஹார்மோன் திடீரென்று பெருகும். அந்தப் பெருக்கம் நடந்தால்தான் சினைப்பையிலிருந்து கருமுட்டை வெளியே வரும். தினமும் 75 மைக்ரோகிராம் டெசோஜெஸ்ட்ரல் உள்ளே போனால் அந்தப் பெருக்கமே நடப்பதில்லை. ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களில் 100 மாதவிடாய்ச் சுழற்சிகளை எடுத்துக்கொண்டால் சுமார் 97-இல் முட்டை வெளியே வருவதே கிடையாது. முட்டை இல்லை என்றால் கருவும் இல்லை, கொல்லவும் ஒன்றும் இல்லை.

மிச்சமிருக்கும் மூன்று சுழற்சிகளில் என்ன ஆகும்? அங்கே இன்னொரு தடை இருக்கிறது. வழக்கமாக முட்டை வெளிவரும் நாட்களில் கர்ப்பப்பை வாயில் சுரக்கும் சளி, முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி தெளிவாக, விரலில் தொட்டால் இழுபடுகிற பதத்தில் இருக்கும். விந்தணு அதில் சுலபமாக நீந்திப் போகும். இந்த மாத்திரை சாப்பிடும்போது அந்தச் சளி கெட்டியாகி, பிசுபிசுவென்று ஆகிவிடும். விந்தணுவால் அதைத் தாண்டுவது கஷ்டம். ஆக, கருவுறுதல் நடப்பதற்கு முன்பே வேலை செய்யும் தடைகள்தான் இரண்டும்.

அப்படியென்றால் அந்தச் சகோதரி சொன்னது எங்கிருந்து வந்தது? அவர் கற்பனையாகச் சொல்லவில்லை. கர்ப்பத்தடை மாத்திரைகளின் குறிப்புத் தாள்களில், கர்ப்பப்பையின் உள்சவ்வு மெலிவதையும் ஒரு மாற்றமாகப் பல காலமாகக் குறிப்பிட்டு வருகிறார்கள். அதைப் படித்த சிலர், 'இரண்டு தடையையும் மீறிக் கரு உருவானால், மெலிந்த சவ்வில் ஒட்டமுடியாமல் அது அழிந்துபோகும்' என்ற முடிவுக்கு வந்தார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது. சவ்வு மெலிந்திருப்பதை நாம் பார்ப்பது முட்டை வெளிவராத மாதங்களில். முட்டை வெளிவந்துவிட்டால், அது இருந்த இடமே ஒரு சுரப்பியாக மாறி ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டரோனையும் சுரக்க ஆரம்பிக்கும். கருவை ஏற்க உள்சவ்வைத் தயார் செய்வது அந்த ஹார்மோன்கள்தான். கரு உருவாகி அங்கே வந்து ஒட்டுவதற்குள் ஆறிலிருந்து பத்து நாள் போலக் கிடைக்கிறது. மாத்திரை சாப்பிட்டும் கர்ப்பமாகி, நல்லபடியாகப் பிள்ளை பெற்ற பெண்கள் எல்லா மருத்துவர்களிடமும் வந்திருப்பார்கள். மாத்திரையால் கரு ஒட்டாமல் போனது என்று காட்டும் நேரடி ஆதாரம் இதுவரை கிடையாது.

இன்னொன்றும் சொல்கிறேன், நீங்கள் பால் கொடுக்கும் தாய் என்பதால். பிரசவத்துக்குப் பிறகு தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது முதலில் வருகிற சில சுழற்சிகளில், உள்சவ்வைத் தாங்க வேண்டிய ஹார்மோன் இயற்கையாகவே குறைவாக இருப்பது உண்டு. அதற்காகத் தாய்ப்பால் கொடுப்பதைக் கருக்கொலை என்று யாரும் சொல்ல மாட்டோம்.

இத்தனைக்கும் பிறகும், உயிர் கருவுறுதலில் தொடங்குகிறது என்று நம்பும் மருத்துவர்களுக்குள்ளேயே இதில் இரண்டு கருத்து இருக்கிறது. ஒரு சின்ன வாய்ப்புகூட இருக்கக் கூடாது என்று இந்த மாத்திரைகளை எழுதாதவர்களும் உண்டு. அவர்களை நான் மதிக்கிறேன். என் முடிவு வேறு. உயிரைப் பறிக்கும் நோக்கம் இல்லாமல், கருவுறுதலைத் தடுக்கும் மருந்தை, உயிருக்கு ஆபத்தான ஒரு கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சாப்பிடுகிற பெண்ணைக் கொலைக் குற்றவாளியாக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

இப்போது இந்தக் கடிதத்தில் என்னை நிஜமாகவே பதறவைத்த விஷயத்துக்கு வருகிறேன். சில ராத்திரி போடாமல் விட்டுவிடுகிறேன் என்கிறீர்களே, அதுதான். யோசித்துப் பாருங்கள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் முட்டை வெளியே வராது, நீங்கள் பயப்படுகிற கேள்வியே எழாது. விட்டு விட்டுச் சாப்பிடும்போதுதான் முட்டை வெளிவர வாய்ப்பு கிடைக்கிறது. குற்ற உணர்வினால் நீங்கள் எடுக்கும் முடிவு, எதை நினைத்துப் பயப்படுகிறீர்களோ அதற்குப் பக்கத்தில் உங்களைக் கொண்டுபோகிறது. கூடவே, டாக்டர் வேண்டாம் என்று எச்சரித்த கர்ப்பத்துக்கும் பக்கத்தில். ஆகவே ஒன்று, தினமும் ஒரே நேரத்தில் சாப்பிடுங்கள். இல்லை, மொத்தமாக நிறுத்திவிட்டு அன்றிலிருந்தே வேறு வழியைப் பின்பற்றுங்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்காதீர்கள்.

மாத்திரையை 12 மணி நேரத்துக்கு மேல் தவறவிட்டால், நினைவு வந்ததும் போட்டுக்கொண்டு, அடுத்த ஏழு நாள் ஆணுறையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். அப்புறம், இந்த வாரமே சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்து பாருங்கள். பால் கொடுத்துக்கொண்டு இந்த மாத்திரையும் சாப்பிடும்போது மாதவிடாய் வராமல் இருப்பது சகஜம், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒருவேளை கர்ப்பம் என்று தெரிந்தால் பயப்படாதீர்கள். தெரியாமல் சாப்பிட்ட இந்த மாத்திரையால் பிள்ளைக்குக் குறை வந்ததாக ஆதாரம் இல்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு, உங்கள் ரத்த அழுத்தக் கதையைச் சொல்லி உடனே டாக்டரைப் பாருங்கள்.

சரி, கொலை என்ற பயம் ஒருபுறம் இருக்கட்டும். உங்கள் அம்மா சொல்வது வேறு வாதம். இரண்டும் ஒன்றாகக் கலந்துபோனதால்தான் உங்களுக்கு இவ்வளவு குழப்பம் என்று நினைக்கிறேன். கத்தோலிக்கத் திருச்சபை கர்ப்பத்தடையை மறுப்பதற்குக் காரணம் அது கருவைக் கொல்கிறது என்பது மட்டும் அல்ல. ஆணுறை எந்தக் கருவையும் கொல்வதில்லை, ஆனாலும் அதையும் அனுமதிப்பதில்லை. தாம்பத்திய உறவில் கணவன் மனைவியின் ஐக்கியத்தையும் பிள்ளைப்பேற்றையும் மனிதர் வேண்டுமென்றே பிரிக்கக் கூடாது என்பது அவர்களுடைய அடிப்படை. திருத்தந்தை ஆறாம் பவுல் 1968-இல் வெளியிட்ட 'ஹுமானே வித்தே' சுற்றுமடல் இதைத்தான் சொல்கிறது. ஆனால் அதே மடல், தக்க காரணம் இருந்தால் கருத்தரிக்க முடியாத நாட்களை மட்டும் பயன்படுத்திப் பிள்ளைகளுக்கு இடைவெளி விடலாம் என்கிறது. தாயின் உடல்நிலை அப்படிப்பட்ட ஒரு காரணம். நோயைக் குணப்படுத்தத் தேவையான சிகிச்சையால் கருத்தரிப்பு தடைப்பட்டால் அது குற்றமாகாது என்றும் அதில் இருக்கிறது. கடுமையான ரத்தப்போக்குக்கோ எண்டோமெட்ரியோசிஸுக்கோ (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் நோய்) இதே மாத்திரையைச் சாப்பிடுகிற கத்தோலிக்கப் பெண் சபைக்கு விரோதமாக நடக்கவில்லை. உங்கள் விஷயம் அப்படியல்ல. உங்களுக்கு இது எழுதப்பட்டது கர்ப்பத்தைத் தடுக்கத்தான். ஆகவே அம்மாவின் சபைப் போதனைப்படி பார்த்தால் அவர் சொல்வது சரி. அதை மழுப்பிச் சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த நான் விரும்பவில்லை.

மற்ற சபைகள் வேறு வழியில் வந்தன. 1930 வரை ஏறக்குறைய எல்லா சபைகளுமே கர்ப்பத்தடையை எதிர்த்தன என்பது இன்று பலருக்குத் தெரியாது. அந்த வருடம் ஆங்கிலிக்கன் பேராயர்களின் லாம்பெத் மாநாடு, சரியான காரணம் இருந்தால் தம்பதியர் வேறு முறைகளையும் பயன்படுத்தலாம் என்று முதன்முதலாகக் கதவைத் திறந்தது. சுயநலத்துக்காகவோ சுகபோகத்துக்காகவோ செய்வதை அப்போதும் கண்டித்தது. அதன் பிறகு புராட்டஸ்டன்ட் சபைகளில் பெரும்பாலானவை இதைத் தம்பதியரின் மனசாட்சிக்கு விட்டுவிட்டன. நானும் அந்த வழியில்தான் நிற்கிறேன். பிள்ளைகள் கர்த்தரால் வரும் சுதந்தரம், அதாவது அவர் தரும் சொத்து, என்று 127-ஆம் சங்கீதம் சொல்வதை முழு மனதோடு நம்புகிறேன். பிள்ளையே வேண்டாம் என்று வசதிக்காக வாழ்நாள் முழுவதும் தள்ளுகிற தம்பதியிடம் அதைப் பேசவும் செய்வேன். உங்களிடம் பேச வேண்டியது அது அல்ல.

ஓனானின் கதையை யாராவது உங்களிடம் எடுத்துக் காட்டக்கூடும், ஆதியாகமம் 38. விந்தைத் தரையில் விழவிட்டதுதான் அவன் பாவம் என்று புராட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதி கால்வின் உட்படப் பலர் எழுதியிருக்கிறார்கள். இறந்துபோன அண்ணனின் மனைவிக்குச் சந்தானம் உண்டாக்க மறுத்ததற்கு உபாகமத்தில் சொல்லப்படும் தண்டனை வெறும் அவமானம்தான், ஓனானோ செத்தான், ஆகவே செயலே பாவம் என்று அவர்கள் வாதிடுவார்கள். லேசாகத் தள்ளக்கூடிய வாதம் அல்ல. ஆனால் நான் அந்த அதிகாரத்தைப் படிக்கும்போது, அந்த அண்ணன் மனைவி தாமாரின் உடம்பை அனுபவித்துக்கொண்டே அவளுக்குச் சேர வேண்டியதைக் கொடுக்காமல் ஏமாற்றிய ஒருவன்தான் கண்ணில் படுகிறான். அண்ணனுக்குச் சந்தானம் உண்டாகக் கூடாது என்றே அப்படிச் செய்தான் என்று வேதமே சொல்கிறது. தாய் உயிரோடு இருக்க வேண்டும் என்று இடைவெளி விடுகிற தம்பதிக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம்?

உங்கள் கணவரைப் பற்றி. அவர் கெட்டவர் என்று உங்கள் கடிதத்தில் எங்கும் தெரியவில்லை. பயந்துபோயிருக்கிறார், உங்களைப் போலவே. ஆனால் 'கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்று சொல்லும்போது யாருடைய உடம்பை வைத்து அந்த விசுவாச அறிக்கை செய்யப்படுகிறது என்று அவர் யோசிக்க வேண்டும். ப்ரீ-எக்ளாம்ப்சியா என்ற, வலிப்பில் கொண்டுபோய் விடக்கூடிய கர்ப்பகால ரத்த அழுத்த நோய் வந்து, 28 முதல் 34 வாரத்துக்குள் குழந்தையை எடுக்க நேர்ந்த பெண்களில், அடுத்த கர்ப்பத்திலும் அது திரும்ப வருவது ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு. வலிப்பு, மூளையில் ரத்தக் கசிவு, கல்லீரல் பாதிப்பு, நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிவது என்று அது போகக்கூடிய தூரத்தை நான் பிரசவ அறையில் பார்த்திருக்கிறேன். இரண்டு சிசேரியன் தழும்புள்ள கர்ப்பப்பைக்கு, ஆறுவதற்குள் அடுத்த கர்ப்பம் வந்தால் தழும்பு கிழிந்துபோகும் ஆபத்து கூடும். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் நடுவில் குறைந்தது 24 மாதம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் எல்லாத் தாய்மாருக்கும் சொல்கிறது. உங்களுக்கு அது இன்னும் பொருந்தும்.

சின்னவன் பிறந்த அன்றைக்கு ரத்த அழுத்த ஊசியும் அறுவை சிகிச்சையும் வேண்டாம், கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று அவர் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டார். அது அவிசுவாசம் இல்லையே. ஆபத்து வந்த பிறகு மருத்துவத்தைக் கர்த்தரின் கையாக ஏற்றுக்கொண்டவர், அதே ஆபத்து வராமல் காக்கும் மருத்துவத்தை மட்டும் ஏன் விசுவாசக் குறைவு என்கிறார்? தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று பிசாசு சொன்னபோது ஆண்டவர் கொடுத்த பதில் அவருக்கும் தெரிந்திருக்கும்: "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக."

மாத்திரை தவறு என்று அவருடைய மனசாட்சி சொன்னால், அவர் அதற்குக் கீழ்ப்படியட்டும். ஆனால் அந்தக் கீழ்ப்படிதலின் பாரத்தை அவரும் சுமக்க வேண்டும். ஆணுறை பயன்படுத்தலாம். அதுவும் வேண்டாம் என்றால், விலகியிருக்க வேண்டிய நாட்களில் விலகியிருக்கலாம். 1 கொரிந்தியர் 7-இல் மனைவியின் சரீரத்துக்குப் புருஷன் அதிகாரி என்று வாசிக்கிறவர்கள், அதே வசனத்தின் பிற்பாதியில் புருஷனுடைய சரீரத்துக்கு மனைவி அதிகாரி என்றிருப்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். மாத்திரையும் கூடாது, ஆணுறையும் கூடாது, விலகியிருக்கவும் மாட்டேன் என்றால், அங்கே ஆபத்து முழுவதும் உங்கள் தலையில்தான். இந்த விவகாரத்தில் ஒழுக்கக் கேள்வி என்று ஒன்று உண்டென்றால் எனக்கு அது இதுதான். மாத்திரைக்குள் இருக்கும் ஹார்மோனைப் பற்றி ஆயிரம் பேர் பேசுகிறார்கள், இதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

மாற்று வழி கேட்டால் சொல்வதற்கு. ஆறு மாதம் வரை, மாதவிடாய் திரும்பாமல், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தால், அதுவே 98 சதவீதத்துக்கு மேல் பாதுகாப்பு. உங்கள் பையனுக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டது, ஆகவே அந்தக் கதவு சீக்கிரம் மூடிவிடும். உடல் வெப்பத்தையும் சளியையும் சேர்த்துக் கவனிக்கும் இயற்கை முறை, நன்றாகக் கற்றுக்கொண்டு கறாராகப் பின்பற்றுகிறவர்களிடம் நல்ல பலன் தருகிறது. கவனம் பிசகினால் தோல்வி மளமளவென்று ஏறும். பால் கொடுக்கும் காலத்தில், ராத்திரி நாலு தரம் எழுந்திருக்கிற தாய்க்கு, வெப்பநிலையை வைத்துக் கணக்குப் போடுவது மிகச் சிரமம். உங்கள் அம்மாவின் வழியையே தேர்ந்தெடுப்பதானால், தனியாகப் புத்தகம் பார்த்துச் செய்யாமல், பயிற்சி பெற்ற ஒருவரிடம் இருவரும் சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை இப்போது உங்களுக்கு வேண்டாம். பால் கொடுப்பது ஒரு காரணம், ரத்த அழுத்தம் இன்னொரு காரணம். கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சுருள், காப்பர்-டி இரண்டும் பெரும்பாலும் விந்தணுவைத் தடுத்துத்தான் வேலை செய்கின்றன, ஆனால் முட்டை வெளிவருவதை அவை நிச்சயமாக நிறுத்துவதில்லை. உங்களைப் போல ஒவ்வொரு ராத்திரியும் இதை நினைத்துக் கலங்குகிறவருக்கு நான் அவற்றை முதல் தேர்வாகச் சொல்ல மாட்டேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி முட்டையை நன்றாகவே நிறுத்தும், ஆனால் நிறுத்திய பிறகு கருத்தரிக்கப் பல மாதம் ஆகலாம்.

ஒளித்து வைத்த அட்டையைப் பற்றிக் கடைசியாகச் சொல்கிறேன், அது கடினம் என்பதால். பயத்தில் செய்தீர்கள், புரிகிறது. ஆனாலும் அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். அவராகக் கண்டுபிடிக்கும் நாளில், மாத்திரையைவிட அந்தப் பொய்தான் பெரிதாகத் தெரியும், உங்கள் உடல்நிலையைப் பற்றிய பேச்சு அத்தோடு அடிபட்டுப் போகும். சண்டையில் சொல்லாதீர்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு, "நான் நிறுத்தவில்லை, செத்துப்போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வேண்டுமானால் இந்தப் பதிலையே படிக்கக் கொடுங்கள். சொன்னால் அடிப்பார், ஆபத்து வரும் என்ற நிலை இருந்தால் மட்டும் தனியாகச் சொல்ல வேண்டாம். முதலில் உங்கள் டாக்டரிடமோ நம்பகமான ஒருவரிடமோ சொல்லி, அவர்கள் துணையோடு பேசுங்கள்.

திருவிருந்தைப் பற்றி உங்கள் போதகர்தான் பதில் சொல்ல வேண்டும், நான் மருத்துவர். நீங்களும் கணவரும் சேர்ந்து அவரிடம் போங்கள், மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று அவருக்கும் விளக்குங்கள். விசுவாசத்தினாலே வராத யாவும் பாவமே என்று ரோமர் 14 சொல்வதால், சந்தேகத்தோடு ஒன்றைச் செய்வது உங்களுக்குப் பாரமாக இருப்பது நியாயம்தான். அந்தச் சந்தேகத்துக்குக் காரணமாக இருந்த தகவல் சரியில்லை என்று இப்போது தெரிந்துகொண்டீர்கள். அதற்குப் பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால் மாத்திரையை விட்டுவிட்டு ஆணுறைக்கு மாறுங்கள், யாரும் குறை சொல்ல முடியாது. மனம் தெளிந்துவிட்டால் தினமும் ஒழுங்காகச் சாப்பிடுங்கள், திருவிருந்திலும் பங்கெடுங்கள்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது கணவரையும் உள்ளே அழைத்துப் போய், மூன்றாவது பிள்ளையை எப்போது யோசிக்கலாம், அந்தக் கர்ப்பத்தில் தொடக்கத்திலிருந்தே ஆஸ்பிரின் தேவைப்படுமா, சிறுநீரில் புரதம் இன்னும் போகிறதா என்று கேளுங்கள். இரண்டு சிசேரியன் ஆன பெண்ணிடம் டாக்டர் பேசுவதை அவர் நேரில் கேட்பது நல்லது. அன்றைக்கே உங்கள் ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள். பிரசவத்துக்குப் பிறகு அது சரியாகிவிட்டதா என்பதை உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதவே இல்லை.